நார்ச்சத்தைக் கூட்டினதும் வயிறு உப்புதே, ஏன்? அளவு, தண்ணீர், நேரம் பற்றிய விவாத இழை

தவிட்டுக்கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

மலச்சிக்கல் என்று யார் கேட்டாலும் "நார்ச்சத்து நிறையச் சாப்பிடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கேட்டவர் மறுநாளே கிண்ணம் நிறையப் பயறு, தட்டு நிறையப் பச்சைக் காய்கறி, போதாததற்கு இரண்டு கரண்டி தவிடு என்று இறங்கிவிடுகிறார். மூன்றாம் நாள் வயிறு கல் மாதிரி ஆகிறது. வாயு பிரிகிறது, மலமோ முன்னைவிட இறுகிப் போகிறது. "எனக்கு நார்ச்சத்து ஒத்துக்கலை" என்று அதோடு விட்டுவிடுகிறார். ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் நார்ச்சத்து இல்லை, கூட்டிய வேகம். இன்னொரு காரணம், எந்த வகை நார் என்று பார்க்காமல் சேர்த்தது.

அளவிலிருந்து தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம். தீட்டிய தானியமும் வெள்ளை ரொட்டியும் பிரதானமாக இருக்கும் சாப்பாட்டில் 10, 12 கிராமைத் தாண்டுவதே பாடு. அங்கிருந்து ஒரே நாளில் 30 கிராமுக்குத் தாவினால் என்ன நடக்கும்? நாரைச் சிறுகுடலால் செரிக்க முடியாது, அப்படியே பெருங்குடலுக்குத் தள்ளிவிடும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயு உண்டாகும். கூடவே அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் உண்டாகும். இதில் பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். ஆக, நொதித்தல் நமக்கு வேண்டிய வேலைதான். புதிதாக வரும் சுமைக்கு அந்த நுண்ணுயிர்க் கூட்டம் பழகச் சில வாரம் பிடிக்கிறது, அவ்வளவே.

அதனால் வாரத்துக்கு 3 முதல் 5 கிராம் வரை மட்டும் கூட்டுங்கள். முதல் வாரம் தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிள் போதும், அதிலேயே 4 கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது. இரண்டாம் வாரம் அதோடு வேகவைத்த பருப்பு 50 கிராம், அதாவது இன்னொரு 4 கிராம். வயிறு முரண்டினால் அந்த அளவிலேயே பத்து நாள் நில்லுங்கள். பின்வாங்க வேண்டியதில்லை. 25ஐத் தொட ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகட்டும், நட்டமில்லை.

---

கிண்ணமும்கரண்டியும்

கணக்கு எழுதும்போது எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. சமைக்காத எடையா, வெந்த எடையா என்று பார்ப்பதில்லை. பருப்பு, பயறு எல்லாம் வெந்தால் இரண்டு, இரண்டரை மடங்கு எடை ஏறும், அந்த ஏற்றம் முழுக்கத் தண்ணீர். கைக்கு உதவும் எண்கள் சில போடுகிறேன். எல்லாம் தோராயம்தான், ரகத்துக்கு ரகம் மாறும்.

வெந்த பருப்பு, வெந்த கொண்டைக்கடலை இரண்டுமே 100 கிராமுக்கு 7 முதல் 8 கிராம் நார். வெந்த பச்சைப் பட்டாணி ஐந்தரை. உலர்ந்த ஓட்ஸ் 40 கிராம் எடுத்தால் 4 கிராம். பாதாம் 30 கிராமில் மூன்றரை. ஒரு வாழைப்பழம் 3. கேரட் 100 கிராமில் 3க்குச் சற்றுக் குறைவு. முழுக்கோதுமை ரொட்டி 100 கிராமில் 6, 7; வெள்ளை ரொட்டியில் அதில் பாதிகூட இல்லை. வெந்த வெள்ளை அரிசிச் சோறு 100 கிராமில் அரை கிராம்கூடத் தேறாது.

இதைப் பார்த்தாலே தெரியும்: கீரை, காய்களை வைத்து மட்டும் 25ஐ எட்டுவது மலை. கணக்கை நிரப்புவது பயறு வகைகள்தான்.

---

ஐயம்தீராதவள்

நல்ல இழை. நார்ச்சத்தோடு தண்ணீர் நாலு லிட்டர் குடித்தால் மலம் இளகிவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது சரியா? இன்னொன்று, தவிடு சேர்த்தும் மலம் ஏன் இறுகுகிறது? முதல் பதிவில் சொன்னீர்கள், காரணம் சொல்லவில்லை.

---

செவிலிமேசை

தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன், தவிட்டை அவரே சொல்லட்டும்.

குடலுக்குள் ஒரு நாளில் வந்து சேரும் திரவம் ஏறத்தாழ 8, 9 லிட்டர். இதில் நாம் குடித்ததும் சாப்பாட்டில் வந்ததும் சேர்ந்து 2 லிட்டர் அளவே. மிச்சமெல்லாம் எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு, குடல் சுரப்பு என்று உடம்பே ஊற்றுவது. சிறுகுடல் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். பெருங்குடலுக்கு ஒன்றரை லிட்டர் அளவில் போகும், அதிலும் கடைசியில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மி.லி. மட்டுமே. மலம் இளகலாக இருக்குமா, கட்டியாக இருக்குமா என்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் முடிவாகிறது. பெருங்குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு தண்ணீர் உறிஞ்சப்படும்.

ஆகவே உடம்பில் நீர் குறையாத ஒருவர் மேலும் மேலும் குடித்தால் அது சிறுநீராகப் போகும், மலத்துக்கு வந்து சேராது. நீர் குறைந்தவருக்கு நிச்சயம் பலன் உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு என்று எடுத்துக்கொள்ளலாம். அடர் மஞ்சளாக இருந்தால் கூட்டுங்கள். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை மருத்துவர் கட்டுப்படுத்தியிருப்பார். "நாலு லிட்டர்" என்ற பொது அறிவுரை அவர்களுக்கு ஆபத்து.

தண்ணீர் கட்டாயம் வேண்டிய இடம், நாரைப் பொடியாக எடுக்கும்போது. அங்கே கஞ்சத்தனம் கூடாது.

---

தவிட்டுக்கணக்கு

தவிட்டுக்கு வருகிறேன். "கரையும் நார், கரையாத நார்" என்ற பிரிவு பாதி உண்மைதான் சொல்கிறது. நமக்குத் தெரிய வேண்டியது இரண்டு: அந்த நார் பெருங்குடலில் நொதிந்து கரைந்துபோகுமா, முழுசாக மிஞ்சுமா? தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா, விட்டுவிடுமா?

கொரகொரப்பான கோதுமைத் தவிடு பெரிதாக நொதிவதில்லை. அதன் பெரிய துகள்கள் குடல் சுவரில் உரசி, நீரையும் சளியையும் சுரக்கவைக்கின்றன, மலம் இளகுகிறது. அதே தவிட்டை மாவாக அரைத்துவிட்டால் அந்த உரசல் போச்சு. நைசான துகள் மலத்தின் காய்ந்த பகுதியைத்தான் கூட்டும், இறுக்கிவிடும். சாப்பிட வசதி என்று மிக்சியில் அரைத்துக் கலக்குபவர்களுக்கு நடப்பது இதுதான்.

நொதியும் நார் (இன்யூலின் ஒரு நல்ல உதாரணம்) நுண்ணுயிர்களுக்குத் தீனி, வாயுவும் அதிகம். மலத்தின் பருமனுக்குப் பெரிய உதவி இல்லை. "நார்ச்சத்து சேர்த்தது" என்று அட்டையில் போட்ட பிஸ்கட், பார் வகைகளில் பெரும்பாலும் இதைத்தான் சேர்க்கிறார்கள். உப்புசத்துக்குக் காரணம் தேடுபவர்கள் உட்பொருள் பட்டியலில் இன்யூலின், சிக்கரி வேர் நார் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்.

இசப்கோல் உமி (ஒரு செடி விதையின் மேல்தோல், மருந்துக்கடையில் கிடைப்பது) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீரைப் பிடித்துக் கூழாகும், ஆனால் அதிகம் நொதியாது. அதனால் கடைசிவரை அந்த நீரைச் சுமந்துகொண்டே போகிறது. கட்டி மலம் இளகும், தண்ணீராகப் போகும் மலம் திரளும், இரண்டுக்கும் ஒரே பொருள் வேலை செய்வதன் காரணம் இதுதான்.

---

மருந்துச்சீட்டு

இசப்கோல் பேச்சு வந்ததால் எடுக்கும் முறையைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், மருந்துக்கடை மேசைக்கு எதிரே நிற்பவர்கள் அதிகம் தவறுவது இதில்தான்.

250 மி.லி. தம்ளர் நிறையத் தண்ணீர். உமியை ஒரேயடியாகக் கொட்டாமல் தூவியபடி கலக்க வேண்டும், கொட்டினால் வெளியே கூழ், உள்ளே உலர்ந்த மாவு என்று உருண்டை கட்டும். முதல் வாரம் ஒரு தேக்கரண்டி, ஒரே வேளை. பிறகு மெல்ல ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறலாம், அது ஏறத்தாழ 5 கிராம். தேவைப்பட்டால் இரு வேளை. கலக்கியதும் உடனே குடித்துவிட வேண்டும். ஓரிரு நிமிடம் வைத்தால் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிற அளவு கெட்டியாகும், அதற்குப்பின் விழுங்குவதும் சிரமம். குடித்த பின் இன்னொரு தம்ளர் வெறும் தண்ணீர்.

வாயில் உமியைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். உணவுக்குழாயில் ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமம் இருப்பவர்கள், குடல் குறுகல் இருப்பவர்கள் இதைத் தொடக்கூடாது. படுக்கப்போகும் நிமிடத்தில் எடுப்பதும் சரியில்லை. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள், மருந்து உறிஞ்சப்படுவதை இந்தக் கூழ் தடுக்கக்கூடும்.

பலன் தெரிய 12 மணி முதல் 3 நாள் வரை ஆகும். இரவு குடித்துக் காலையில் போகவில்லை என்று அளவை இரட்டிப்பாக்காதீர்கள்.

---

ஐயம்தீராதவள்

நன்றி. உணவு, தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தும் காலையில் முக்க வேண்டியிருக்கிறது என்பவர்களுக்கு என்ன சொல்வது? தினமும் போயாக வேண்டும் என்பதும் விதியா?

---

செவிலிமேசை

தினமும் என்பது விதி இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாம் இயல்பு, முக்கலும் வலியும் இல்லாவிட்டால். எண்ணிக்கையைவிட மலத்தின் வடிவம் நல்ல அளவுகோல். பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவாகி 1997இல் வெளிவந்தது. ஏழு வகை. முதல் வகை கொட்டை கொட்டையாக, ஆட்டுப் புழுக்கை போல. இரண்டாவது கட்டிகள் ஒட்டிய உருளை. மூன்றாவது மேலே வெடிப்புள்ள உருளை, நான்காவது வழவழப்பான உருளை. ஐந்தாவது மெத்தென்ற துண்டுகள், ஆறாவது கிழிந்த விளிம்புள்ள கூழ், ஏழாவது வெறும் நீர். 3, 4 என்றால் குடல் வேகம் சரி. 1, 2 என்றால் பெருங்குடலில் அதிக நேரம் தங்கிவிட்டது.

இப்போது முக்கல். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஆனால் கூச்சத்தில் யாரும் பேசுவதில்லை.

மலக்குடலைச் சுற்றிப் பின்பக்கமாக ஒரு கவண் போல வளைந்து பிடித்திருக்கும் தசை இருக்கிறது. நிற்கும்போதும் உட்காரும்போதும் அது மலக்குடலை முன்னோக்கி இழுத்து ஏறத்தாழ செங்கோணத்தில் மடித்து வைத்திருக்கும். தண்ணீர்க் குழாயை மடித்துப் பிடிப்பது போல. நாம் நினைத்த நேரம்வரை அடக்க முடிவது அதனால்தான். குந்தி உட்காரும்போது அந்தத் தசை தளர்ந்து, மடிப்பு நிமிர்கிறது. நாற்காலி போல உட்காரும் கழிப்பறையில் பாதிதான் நிமிரும், மீதிப் பாதியை முக்கித் தள்ளுகிறோம்.

சரி செய்ய: பாதங்களுக்கு அடியில் 20 செ.மீ. உயர முக்காலி. முட்டி இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும், இரு கால்களும் சற்று விரிந்திருக்க வேண்டும். முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். மூச்சை அடக்கித் தொண்டையை இறுக்காமல், வாயைத் திறந்து மெதுவாக மூச்சை விட்டபடி அடிவயிற்றை வெளிப்பக்கம் உப்பவிடுங்கள். வயிற்றை உள்ளே இழுத்தால் கீழ்த்தசை இறுகும், உப்பவிட்டால் தளரும். கையை இடுப்பின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள், இடுப்பு அகல்வது கையில் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

நேரமும் சொல்லிவிடுகிறேன். இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடலுக்குச் செய்தி போய் அது அசையத் தொடங்கும். காலையில் எழுந்தபின் பெருங்குடல் தானாகவே சுறுசுறுப்பாகும். இரண்டும் சேர்வது காலை உணவுக்குப் பின் வரும் அரை மணி. அந்த நேரத்தைத் தினமும் காலியாக வையுங்கள். 5 நிமிடம், மிஞ்சினால் 10. வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். செல்போனோடு அரை மணி உட்கார்ந்திருந்தால் ஆசனவாய் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி மூலத்துக்கு வழி செய்யும்.

உந்துதல் வரும்போது அடக்குவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். அடக்கினால் அந்த உணர்வு கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும், மலம் அங்கேயே காயும். பல மாதம் இப்படிச் செய்தால் மலக்குடல் விரிந்து, உணர்வே மங்கிப்போகும்.

இத்தனைக்கும் பிறகும் மலம் மென்மையாக இருந்தும் வெளியே வர மறுக்கிறது, முழுதாகப் போன திருப்தி இல்லை என்றால் இடுப்புத் தளத் தசைகள் தளர வேண்டிய நேரத்தில் இறுகுகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு நாரைக் கூட்டுவது தீர்வு இல்லை. பயோஃபீட்பேக் என்ற பயிற்சி இருக்கிறது, தசை இறுகுவதையும் தளர்வதையும் கருவியில் பார்த்துப் பழகுவது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார்.

---

அடுப்படிவிஞ்ஞானம்

பயறு சாப்பிட்டால் வாயு என்பவர்களுக்கு. பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் நொதி மனிதச் சிறுகுடலில் கிடையாது. அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை என்பதுதான் நமக்குச் சாதகம். 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். கணிசமாகக் குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும், முளைக்கும் விதை தானே அவற்றைத் தின்றுவிடுகிறது. ஆனால் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். முளைக்கும் ஈரச் சூடு கிருமிக்கும் தோதான சூடு.

சிவப்பு ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை. அதில் ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்ற நச்சுப் புரதம் (லெக்டின் வகை) அதிகம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கும் நிலையில் 10 நிமிடமாவது விட வேண்டும், 30 நிமிடம் விட்டால் கவலையே இல்லை. குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போட்டால் கொதிநிலையே வராது, நச்சு அழியாது. அரைவேக்காட்டில் ஒரு கைப்பிடி தின்றால்கூட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்தான்.

---

நடுஇரவுவாசகன்

நார்ச்சத்தே குறைவாகச் சாப்பிட்டும் உப்புசம் என்பவர்கள்?

---

தவிட்டுக்கணக்கு

வேறு இடத்தில் தேட வேண்டும். முதல் சந்தேகம் பாலின் லாக்டோஸ். உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு லாக்டேஸ் நொதி சிறுவயதுக்குப் பின் குறைந்துவிடுகிறது. அதற்காகப் பாலை அடியோடு விட வேண்டியதில்லை. 12 கிராம் லாக்டோஸ், அதாவது ஒரு 250 மி.லி. தம்ளர் பால் அளவு, அதுவும் உணவோடு என்றால் பலரும் தாங்குவார்கள். தயிரில் உள்ள பாக்டீரியாவே கொஞ்சம் லாக்டோஸை உடைத்துத் தருகிறது. சோதிக்க 2 வாரம் பாலை நிறுத்திப் பார்த்து, மறுபடி சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது பாதியைச் செய்யாவிட்டால் சோதனையே இல்லை.

அடுத்தது சர்க்கரையில்லா சூயிங்கம், மிட்டாய்களில் வரும் சார்பிட்டால், சைலிட்டால். பிறகு வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃபிரக்டான். இவையெல்லாம் சேர்ந்த குழுவுக்கு ஃபோட்மேப் என்று பெயர், இவற்றைக் குறைத்துச் சோதிப்பது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறை. 2 முதல் 6 வாரம் எல்லாவற்றையும் குறைத்து, பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து எது குற்றவாளி என்று கண்டுபிடிப்பது. குறைத்த நிலையிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல நுண்ணுயிர்களைப் பட்டினி போடுவது. உணவியலாளர் துணையோடு செய்யுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: சார்பிட்டாலே மலச்சிக்கல்காரருக்கு மருந்து. உலர்ந்த பிளம்ஸ் வேலை செய்வது பெருமளவு அதனால்தான். 50 கிராம், ஒரு நாளைக்கு இருமுறை என்ற அளவில் சோதித்திருக்கிறார்கள். பாதியில் தொடங்குங்கள்.

---

மருந்துச்சீட்டு

உணவில் பழி போடுமுன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரும்புச்சத்து, கால்சியம், அலுமினியம் உள்ள அமில முறிப்பான், தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரை, டிரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்து, வெராபமில் போன்ற இரத்த அழுத்த மாத்திரை, ஓபியாய்டு (அபின் வகை) வலி நிவாரணி, இத்தனையும் மலத்தைக் கட்டும். தைராய்டு குறைவும் அப்படியே. எதையும் தானாக நிறுத்த வேண்டாம், எழுதித் தந்தவரிடம் கேட்டால் பெரும்பாலும் மாற்று உண்டு.

---

நடுஇரவுவாசகன்

நெஞ்செரிச்சலையும் இங்கேயே கேட்டுவிடலாமா? ராத்திரி படுத்ததும் புளித்து மேலே வருகிறது என்பவர்களுக்கு.

---

செவிலிமேசை

சுருக்கமாக. கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பில் மடங்கி வயிற்றை அமுக்கும், இன்னும் மோசம். இடது பக்கமாகப் படுங்கள், இரைப்பை உணவுக்குழாய் வாய்க்குக் கீழே போய்விடும். ஒமெப்ரசோல் வகை மாத்திரை எழுதித் தந்திருந்தால் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. சாப்பிட்ட பின் போட்டால் பாதி வீண். பல மாதம் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தினால் அமிலம் சில வாரம் கூடுதலாகச் சுரக்கும், அதை "நோய் திரும்பிவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள். படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

---

கிண்ணமும்கரண்டியும்

சாப்பாட்டு இடைவெளி பற்றி யாரும் சொல்லவில்லை. வயிறு காலியாக இருக்கும்போது 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசிவரை ஒரு சுருக்க அலை ஓடும். மிச்சம் மீதியையும் பாக்டீரியாவையும் கீழே தள்ளும் துடைப்பம் அது. வயிறு கடமுட என்று சத்தம் போடுவதில் இதற்குப் பங்குண்டு. ஒரு பிஸ்கட் வாயில் போட்டாலும் அலை நின்றுவிடும். நாள் முழுக்கக் கொறிப்பவர்களுக்குத் துடைப்பம் இறங்கவே நேரம் கிடைப்பதில்லை. வேளைக்கு வேளை 3, 4 மணி நேரம் விடலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் தங்கள் மருந்துக்கு ஏற்றபடி கேட்டுச் செய்யவும்.

---

செவிலிமேசை

எந்த ஆலோசனையையும் தொடருமுன் எல்லாரும் படிக்க வேண்டியது. மலத்தில் இரத்தம், தார் போலக் கறுத்த பிசுபிசு மலம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, விழுங்கும்போது சிக்குவது, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குப் பின் புதிதாக மாறிய மலப்பழக்கம், நெருங்கிய உறவில் பெருங்குடல் புற்றுநோய். இதில் ஒன்று இருந்தாலும் தவிடும் இசப்கோலும் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுக்க வைக்கும், பீட்ரூட் சிவக்க வைக்கும், அது உண்மை. ஆனால் "மூலமாகத்தான் இருக்கும்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவதால் தவறிப்போகும் நோய்கள் இருக்கின்றன. கடும் வயிற்றுவலி, வாந்தி, வாயுகூடப் பிரியாத நிலை மூன்றும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனை.

---

ஐயம்தீராதவள்

கடைசியாக ஒன்று. ஐந்து நாளாகப் போகவில்லை, வலி வாந்தி ஏதுமில்லை, வயிறு கனக்கிறது. அன்றைக்கே நாரைத் தொடங்கலாமா?

---

மருந்துச்சீட்டு

வேண்டாம். கீழே அடைத்திருக்கும்போது மேலிருந்து பருமனைக் கூட்டினால் நெரிசல்தான் கூடும். முதலில் வழியைத் திறக்க வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள் 17 கிராமை 240 மி.லி. தண்ணீரில் கலந்து தினம் ஒரு வேளை, அல்லது லாக்டுலோஸ் 15 முதல் 30 மி.லி. இரண்டுமே குடலுக்குள் நீரைப் பிடித்துவைப்பவை, வேலை செய்ய ஓரிரண்டு நாள் ஆகும். லாக்டுலோஸ் வாயுவும் உண்டாக்கும். மக்னீசியம் கலந்த மலமிளக்கியைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் எடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்த அளவுகளைத் தாங்களாக எடுக்க வேண்டாம், கேட்டு எடுக்கவும்.

வயதானவர்களிடம் இன்னொன்று கவனியுங்கள். பல நாள் கட்டி நின்று, திடீரென நீராகக் கசிந்தால் பேதி என்று எண்ணிப் பேதி நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அடைத்திருக்கும் கட்டியைச் சுற்றி வழியும் நீர். குழந்தைகள் உள்ளாடையில் கசியவிடுவதும் பல நேரம் இதே காரணம், திட்டினால் இன்னும் அடக்கும்.

இரண்டு நாள் மென்மையாகப் போன பிறகு, முதல் பதிவில் சொன்ன அந்த ஒரு ஆப்பிளோடு தொடங்குங்கள். மலமிளக்கியை அன்றே வெட்டிவிடாமல் நார் ஏற ஏறக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.